பசிக்கு டானிக் எதற்கு?

காலை பத்து மணிக்கு மேல் சீருடையோடு கிளினிக் வரும் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே தொந்தரவுதான்: வயிற்றுவலி, தலைசுற்றல், பிரேயரில் மயக்கம். "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் பிள்ளை அம்மாவைப் பார்க்கும். "டீயும் வர்க்கியும்தான் சார். பசிக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க" என்பார் அவர். கடையில் தானே கேட்டு வாங்கிய டானிக், பாதி காலியாகி அவர் பையிலேயே இருக்கும்.

இவர்களில் பலர் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. சுடச்சுடச் சோறு அங்கே காத்திருக்க, பிள்ளை ஏன் வெறும் வயிற்றோடு உட்கார வேண்டும்?

சொல்லப்படும் காரணங்கள்

"அது இல்லாதப்பட்டவங்களுக்கு." இல்லை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும்.

"வெறும் உப்புமா, சத்தில்லை." பொங்கலும் கிச்சடியும் உண்டு, காய்கறி சாம்பாரும் உண்டு. பருப்பும் காயும் சேர்ந்த அந்தத் தட்டு எங்கே, டீயும் வர்க்கியும் எங்கே? டீ, உணவிலுள்ள இரும்புச்சத்தையும் உடலில் முழுதாகச் சேரவிடாது.

"சாப்பிட்டா கிளாஸ்ல தூங்குவான்." தூங்க வைப்பது உங்கள் டானிக். பசிக்கென்று விற்கும் பலவற்றில் சிப்ரோஹெப்டடின் இருக்கிறது. அது ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கம் வரத்தான் செய்யும். தயவுசெய்து கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

"வயித்துல பூச்சி." அதற்காக விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைக்கிறார்கள். ஏற்கெனவே பட்டினி கிடந்த பிள்ளை நீரும் வற்றித் துவண்டு வருகிறது. பூச்சிக்குப் பள்ளியிலேயே அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள்.

"யார் சமைக்கிறாங்களோ." 2023-ல் கரூர் மாவட்டப் பள்ளி ஒன்றில், பட்டியலினப் பெண் சமைத்தார் என்று சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. சமைப்பவர்கள் அந்தந்த ஊர் மகளிர் குழுப் பெண்கள். சாதி பார்த்துப் பட்டினி போடும் வயிற்றுக்கு என்னிடம் மருந்து கிடையாது.

பரிசோதனை

காலையில் சாப்பிட்டும் பிள்ளைக்குச் சோர்வு தொடர்ந்தால், இரும்புச்சத்துக் குறைவா என்று அறிய இரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள்.

உங்களிடம் கேட்பது

பிள்ளையை அரை மணி நேரம் முன்னதாக அனுப்புங்கள். முதல் மணி அடித்த பிறகு போனால் பந்தி முடிந்திருக்கும். "அங்க சாப்பிடாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஆசிரியர்களே, தாமதமாக வரும் பிள்ளைக்கும் ஒரு தட்டு எடுத்து வையுங்கள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் இந்தச் சாப்பாடு நின்றுவிடும், பசி நிற்காது. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் நாலு இட்லியாவது, பழைய சோறாவது கொடுத்து அனுப்புங்கள்.