நீதிக்கும் மனுப் போட வேண்டுமா?

அமெரிக்காவில் பழங்குடிகளின் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் மத்திய அரசு எதற்கு மானியம் தர வேண்டும்? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

அங்கே மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடி இனங்கள் 570-க்கும் மேல். ஒவ்வொன்றும் ஓர் அரசு. பலவற்றுக்குச் சொந்தமாகப் போலீஸ் உண்டு, கோர்ட்டும் உண்டு. செலவுக்குப் பணம்? அமெரிக்க ஊர்களுக்குக் கைகொடுப்பது சொத்துவரி. ரிசர்வேஷன், அதாவது பழங்குடிகளுக்கென ஒதுக்கிய பகுதி; அந்த நிலத்தில் பெரும்பகுதி அவர்களுக்காக மத்திய அரசின் பெயரில் இருக்கிறது. அதன்மேல் சொத்துவரி போட வழியில்லை. பழங்குடிகள் நடத்தும் சூதாட்ட விடுதிகள் இருக்கின்றனவே என்பீர்கள். பெருநகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதில் காசு.

அடுத்தது அதிகாரம். பழங்குடி அல்லாதவர் ரிசர்வேஷனுக்குள் குற்றம் செய்தாலும் பழங்குடி கோர்ட் அவரை விசாரிக்கக் கூடாது என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்ப வன்முறை வழக்குகளில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தைத் திருப்பித் தந்தது. 2022-இல் பாலியல் வன்முறை, குழந்தைகள்மீதான வன்முறை போன்றவையும் சேர்ந்தன. ஆனால் சும்மா தரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ஏழையானால் பழங்குடி அரசு தன் செலவில் வக்கீல் வைக்க வேண்டும். நீதிபதி சட்டம் படித்திருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைகள்தாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அங்கேதான் மானியம் வருகிறது. முன்பு போலீசுக்கு ஒரு மனு, கோர்ட்டுக்கு ஒரு மனு என்று தனித்தனியாகப் போட வேண்டியிருந்தது. 2010-இல் மத்திய நீதித்துறை தன் பழங்குடி மானியங்களில் பலவற்றை ஒரே விண்ணப்பத்துக்குள் கொண்டுவந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென 1984-இல் தொடங்கிய நிதியிலும் 2018 முதல் பழங்குடிகளுக்குத் தனிப் பங்கு ஒதுக்குகிறார்கள். அது வரிப்பணம் அல்ல. முக்கியமாக மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்கள் கட்டும் அபராதம்.

சிக்கல் என்னவென்றால், இந்த மானியங்களில் பல போட்டி போட்டு வாங்க வேண்டியவை. அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான். விண்ணப்பம் எழுதவே ஆள் இல்லாத சின்னப் பழங்குடி பின்தங்கிவிடும். கெடு முடிந்தால் நேற்றுச் சேர்ந்த போலீஸ்காரருக்கு நாளைச் சம்பளம் யார் தருவது?

நிலத்தை வாங்கிக்கொண்டு, பாதுகாப்பைத் தருவதாக ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது அமெரிக்க அரசு. ஆகவே இந்தப் பணம் தானம் அல்ல, பாக்கி. பாக்கியை வாங்கப் போட்டித் தேர்வு வைப்பது முறையல்ல. ஆண்டுதோறும் பட்ஜெட்டிலேயே நிலையாக ஒதுக்குவதுதான் முறை.