காலே பிரேக் ஆகுமா?

பிரேக் இல்லாத சைக்கிளை ஓட்டியதாக 2006-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஒரு பெண்ணுக்குப் போலீசார் அபராதச் சீட்டு எழுதினார்கள். அவர் பணத்தைக் கட்டிவிட்டுப் போகவில்லை, கோர்ட்டுக்குப் போனார். பெடலை எதிர்த்து அழுத்தினால் வண்டி நிற்கிறதே, அதுவே பிரேக்தானே என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனாலும் சட்டென்று தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல அது. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்போக்கில் உருளும். ஃப்ரீவீல் செய்யும் வேலை அது. ‘ஃபிக்ஸி’ என்று செல்லமாக அழைக்கப்படும் ஃபிக்ஸட் கியர் வண்டியில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடல் சுற்றும், காலும் கூடவே சுற்றும். வேகத்தைக் குறைக்க, மேலேறி வரும் பெடலைக் காலால் எதிர்க்க வேண்டும். பழகியவர்கள் உடம்பை முன்னால் சாய்த்துப் பெடலை அசையவிடாமல் இறுக்கி, பின்சக்கரத்தைத் தேய்த்தே நிறுத்திவிடுவார்கள். பார்க்க அழகான வித்தைதான்.

தேய்வது பின்சக்கரம் மட்டும் என்பதுதான் சிக்கல். வேகம் குறையும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின் டயருக்குத் தரையில் பிடிமானம் குறைகிறது. காய்ந்த சாலையிலேயே, நல்ல முன்பிரேக் உள்ள வண்டியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் போய்த்தான் அது நிற்கும். ஈரத்திலும் இறக்கத்திலும் இன்னும் மோசம். செயின் கழன்றாலோ, காலுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடும்.

இந்த வண்டியின் சொந்த வீடு பந்தயத் தளம். ஜப்பானில் 1948-இல் கொகுராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் உரசாத குறையாகப் பறக்கிறார்கள். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் சரிவார்கள். அங்கே பிரேக் இல்லாததுதான் பாதுகாப்பு. எதிரே வண்டி வராது, யாரும் குறுக்கே நடக்கமாட்டார்கள்.

அதே வண்டி டோக்கியோ தெருக்களில் நாகரிகமாகிப் பரவியபோது கதை மாறியது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும், இரு சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும் என்பது ஜப்பானின் விதி. 2011-இல் கெடுபிடி இறுகியது. பிரபல நகைச்சுவைக் கலைஞர் ஒருவரே பிடிபட்டார். 2013 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தம், சைக்கிளை நிறுத்திப் பிரேக்கைச் சோதிக்கவும், கோளாறு இருந்தால் ஓட்டாதே என்று உத்தரவிடவும் போலீசாருக்கு அதிகாரம் தந்தது.

பிரிட்டனின் 1983-ஆம் ஆண்டு விதி இன்னும் நுணுக்கமானது. ஃபிக்ஸட் கியரைப் பின்பிரேக்காக அது ஏற்றுக்கொள்கிறது. முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கட்டாயம். ஓட்டுபவரின் திறமையையும் மதித்து, தெருவில் நடப்பவரின் உயிரையும் காக்கிற நியாயமான ஏற்பாடு இதுதான்.

அந்த ஒற்றை முன்பிரேக் இல்லாத வண்டிதான் 2016 பிப்ரவரியில் லண்டனில் சாலையைக் கடந்த 44 வயதுப் பெண்மீது மோதியது. இரண்டு குழந்தைகளின் தாயான அவர் பிழைக்கவில்லை. ஓட்டிவந்தவருக்கு அப்போது வயது 18. முன்பிரேக் கட்டாயம் என்பதே தெரியாது என்றார் அவர். 2017-இல் உள்நோக்கமற்ற கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டாலும், குதிரை வண்டிக் காலத்தைச் சேர்ந்த 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவருக்கு 18 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. சைக்கிளால் நேரும் மரணங்களுக்கு இந்தக் காலத்துச் சட்டம் வேண்டும் என்று இறந்தவரின் கணவர் குரல் எழுப்பத் தொடங்கினார்.