கடைமடை வரை போகிறதா பாடம்?

தாமிரபரணி கரை புரண்டு ஓடினாலும் வயல் தானாக நனைவதில்லை. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். கால்வாய்க்குக் கால்வாய் மடைகள். கடைமடை விவசாயிக்கு ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் என்பதைவிட, தன் மடை எப்போது திறக்கும் என்பதே பெரிய கவலை.

இணையவழிப் படிப்பிலும் இதே கவலைதான். பாடத்தை ஏற்றுவது ஒரு வேலை. அது உரிய மாணவரின் கண்ணில் படச் செய்வது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலையில்தான் பல நல்ல பாடங்கள் நின்றுபோகின்றன.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை முழுவதும் உட்கார்ந்து பத்துப் பாடங்களைத் தயாரித்து ஏற்றிவிட்டார். திங்கட்கிழமை காலை வகுப்பின் வாட்ஸப் குழுவில் முதல் செய்தி: “மேடம், ஒண்ணுமே வரலையே!” அவர் திரையிலோ எல்லாம் இருக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பாடத்தின் அமைப்புப் பக்கத்தில் ‘மறை’ என்ற நிலை மாறாமல் இருக்கிறது. மறைத்த பாடம் ஆசிரியருக்கு மங்கலாகவாவது தெரியும். மாணவருக்குத் தலைப்புகூடத் தெரியாது. இந்தத் தவறு ஆசிரியர் கண்ணுக்கு எளிதில் சிக்காததற்குக் காரணம் இதுதான்.

கல்லூரிகளில் பரவலாகப் பயன்படும் ‘மூடுல்’ என்ற இலவச மென்பொருள் இப்படித்தான் இயங்குகிறது. 2002இல் இதை வெளியிட்டவர் ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ். பள்ளிக்கூடம் எட்டாத மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் வானொலி வழியாகப் பாடம் படித்தவர். தொலைவில் இருக்கும் பிள்ளையின் கஷ்டம் தெரிந்த ஒருவர் உருவாக்கிய கருவி அது.

பாடம் தெரிந்தால் மட்டும் போதாது, மாணவரின் பெயர் பட்டியலில் ஏற வேண்டும். ஆசிரியரே ஒவ்வொரு பெயராகச் சேர்க்கலாம். ஒரு வகுப்பை மொத்தமாகச் சேர்க்கலாம். அல்லது ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, ‘நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டுவிடலாம். மூன்றாவது வழி சுலபம், ஆனால் அந்தச் சொல் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போக ஒரு நிமிடம் போதும். 2020 ஊரடங்கில் வகுப்புகள் திடீரென்று கைபேசிக்குள் வந்தபோது ஆசிரியர்கள் பலர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். எல்லோரும் சேர்ந்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிடுவதோ, சேர்க்கையையே நிறுத்திவிடுவதோ நல்லது.

நீக்குவதில் இன்னும் கவனம் வேண்டும். மாணவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அவருடைய மதிப்பெண்களும் பார்வையிலிருந்து போய்விடும். ‘இடைநிறுத்தம்’ செய்தாலோ நுழைவு மட்டும்தான் தடைபடும், செய்த வேலை அப்படியே இருக்கும். இத்தனை நாள் வராதவரைத் தானாக நீக்கு என்றும் மூடுலில் ஒரு வசதி உண்டு. வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அண்ணன் கையில் என்றிருக்கும் பிள்ளைக்கு அந்த வசதி பெரிய அநியாயம். அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

மறைத்து வைப்பதே தவறு என்றில்லை. தேர்வு வினாக்களை மறைக்கத்தான் வேண்டும், அரைகுறைப் பாடத்தையும் அப்படியே. ஆனால் வாரம் ஒரு பாடம் என்று எண்ணி எண்ணித் திறப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ செங்கோட்டை ரயிலில் வந்துபோகும் மாணவர், கல்லூரி வைஃபையில் பாடங்களை மூடுல் செயலியில் இறக்கிவைத்துக்கொண்டால் வண்டியில் சிக்னல் இல்லாமலே படித்துவிடலாம். அதற்குப் பாடம் முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும். நெல்லைக்கு இந்த முறைதான் பொருந்தும்.

தேசிய அளவில் இந்த மறைப்புக்கும் பட்டியலுக்கும் நேரெதிரான ஏற்பாடும் உண்டு. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல்லும், 2017 ஜூலையில் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளமும் எல்லோருக்கும் திறந்தவை. யாரும் பார்க்கலாம், கட்டணமின்றிச் சேரலாம். ஆனால் பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவுசெய்வது வேறு. தேர்வுக்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். தேர்வும் நேரில் போய் எழுதுவது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டால், பன்னிரண்டு வாரம் உழைத்தும் சான்றிதழ் கைக்கு வராது. கல்லூரி என்பிடெல்லின் ‘லோக்கல் சாப்டர்’ ஆகப் பதிவாகியிருந்தால் அங்குள்ள பொறுப்பாசிரியர் நினைவூட்டுவார். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுவது நல்லது.

2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இன்னொரு வகை. அதில் கல்லூரிப் பாடத்திட்டத்தோடு சேர்ந்தே திறன் பயிற்சி வருகிறது. மாணவரைப் பட்டியலில் ஏற்றுவதில் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பெயரிலோ பதிவெண்ணிலோ ஓர் எழுத்து பிசகினாலும் அலைச்சல் மாணவருக்குத்தான்.

பாளையங்கோட்டை ஆசிரியைக்குத் திரும்புவோம். பாடத்தைத் திறந்துவிட்டார், பெயர்களையும் சேர்த்துவிட்டார். ஆசிரியர் கணக்கிலிருந்தபடியே மாணவராக மாறிப் பார்க்க மூடுலில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி ஒவ்வொரு தலைப்பாக விரலால் நகர்த்திக்கொண்டே போகிறார். நான்காவது பாடம் இருக்கிறது. அதற்கு அடுத்து வருவது ஆறாவது.