முதலில் அலறுவது உடம்பு

சென்னை தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967 முதல் 2020 வரை இயங்கியது. அதுபோன்ற பெரிய அரங்கில் பேய்ப் படம் பார்த்தவர்களை மிரட்டியது திரையில் தெரிந்த முகம் மட்டுமல்ல, திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒலிப்பெருக்கிகளும்தான். சினிமாத் திரை முழுக்கச் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவில் எண்ணற்ற துளைகள் உண்டு. இருக்கையிலிருந்து பார்த்தால் அவை தெரியாது, ஆனால் ஒலி வெளியே வருவது அவற்றின் வழியாகத்தான். பேயின் வாயிலிருந்தே குரல் வருவதாக நாம் நம்புவது அந்தத் துளைகளின் உபயம்.

இப்போது படத்தில் ஒரு கதவு படாரென்று அறைந்து மூடுகிறது. உங்கள் இமை மூடிக்கொள்கிறது, தோள் குறுகுகிறது. இதன் பெயர் துணுக்குறல் அனிச்சை. என்ன நடந்தது என்று மனம் உணரும் முன்பே உடல் எடுக்கும் தற்காப்பு இது. காதில் விழுந்த சத்தம் மூளைத்தண்டு வழியாகக் குறுக்கு வழியில் தசைகளை எட்டிவிடுகிறது. சத்தம் கேட்டு 30 முதல் 50 மில்லிநொடிக்குள் இமை அசையத் தொடங்கும். விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் ஒரு சட்டம் திரையில் நிற்பதே ஏறத்தாழ 42 மில்லிநொடி. ஏறக்குறைய அடுத்த சட்டம் வருவதற்குள் நீங்கள் பயந்தாயிற்று!

இருட்டு இதற்குத் துணை போகிறது. வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில் மனிதர்கள் கூடுதலாகத் துணுக்குறுகிறார்கள் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. விளக்கை அணைத்ததுமே தியேட்டர் பாதி வேலையை முடித்துவிடுகிறது.

மீதி வேலையைத் தாழ்ந்த ஒலி செய்கிறது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது வீட்டு ஜன்னல் அதிருமே, அந்த அதிர்வைத்தான் சப்வூஃபர் என்னும் தாழொலிப் பெட்டி நெஞ்சுக்குள் அனுப்புகிறது. 20 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு அலையின் நீளம் மட்டும் 17 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று இரண்டு காதுகளாலும் பிரித்தறிய முடியாது. ஆபத்து நெருங்குவது தெரிகிறது, எங்கிருந்து என்பது தெரியவில்லை. பயத்துக்கு இதைவிட நல்ல விதை இல்லை.

அலறலிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மார்மட் எனும் மலை அணிலின் குட்டிகள் பிடிபட்டால் கரகரத்துப் பிசிறும் குரலில் கத்தும். குரல்வளை தன் எல்லையை மீறும்போது பிறக்கும் ஒலி அது. இந்த அணில்களை ஆராய்ந்த டேனியல் புளும்ஸ்டீன் குழுவினர், 2010-ல் 102 படங்களின் ஒலித்தடங்களை அலசினர். திகில் படங்களில் இத்தகைய பிசிறொலிகள் கூடுதலாக இருந்தன. காட்டு விலங்கின் அபாயக் குரல் ஒலித்தடங்களுக்குள் குடியேறியிருக்கிறது!

தமிழ் சினிமா இதற்கு மேலும் ஒரு படி ஏறியது. ராகவா லாரன்ஸின் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) படங்களில் பேயைப் பார்த்து நாம் நடுங்கிய கையோடு சிரிப்பு வருகிறது. பயந்த நாயகன் அம்மாவாக வரும் கோவை சரளாவின் இடுப்பில் தாவி ஏறும்போது அரங்கமே வெடித்துச் சிரிக்கிறது. இத்தகைய விளைவைக் கிளர்ச்சி மாற்றம் என்று விளக்கினார் உளவியலாளர் டால்ஃப் ஸில்மன். ஓர் உணர்ச்சியால் எழுந்த உடல் பரபரப்பு சட்டென்று அடங்காது, அடுத்து வரும் உணர்ச்சிக்கு அது வலுவூட்டும். இதயம் பயத்தில் படபடத்துக்கொண்டிருக்கும்போதே நகைச்சுவை வந்தால், அந்தப் படபடப்பு சிரிப்பில் சேர்ந்துகொள்கிறது.

அடுத்த முறை பேய்ப் படம் பார்க்கும்போது, அதிர்ச்சிக்கும் அடுத்த நகைச்சுவைக்கும் நடுவே எத்தனை விநாடி விட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் உடம்பை எவ்வளவு துல்லியமாக அறிந்து படத்தொகுப்பாளர் வெட்டியிருக்கிறார் என்பது அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.