இணைய வியாபாரம்: கற்பதிலும் கூட்டுறவு வேண்டும்

துணி மூட்டையைத் தலையில் சுமந்து சந்தைக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. இன்று கைப்பேசியின் வழியாகவே சரக்கு விலையாகிறது. 1935ஆம் ஆண்டில் தோன்றிய நமது கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் கைத்தறித் துணிகளை இணையத்தில் விற்று வருகிறது. ஆகவே, இவ்வியாபாரம் நமக்கு ஏற்றதா என்பது இனிக் கேள்வியன்று. அதனை எங்கே, எவ்வாறு கற்பது என்பதே கேள்வி.

அண்மையில் நம் அங்கத்தினர் ஒருவர், இணைய வியாபாரத்தைப் பத்தே நாட்களில் கற்பிப்பதாகக் கூறிய விளம்பரத்தை நம்பி 8,000 ரூபாய் செலுத்தினார். அவருக்குக் கிடைத்தவை சில காணொளிகளே. அவற்றில் கூறப்பட்டவை யாவும் இணையத்தில் இலவசமாகவே கிடைப்பவை. தறியில் பல நாள் உழைத்த கூலி வீணாயிற்று. இந்நிலை பிறருக்கும் நேராதிருக்கவே இதனை எழுதுகிறோம்.

முதலாவதாக, செய்தியை அதன் மூலத்திலேயே காண வேண்டும். அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் ‘ஜெம்’ என்னும் மின்சந்தையும், விளைபொருளுக்கான ‘ஈ-நாம்’ என்னும் தேசிய வேளாண் சந்தையும் 2016இல் தொடங்கப்பட்டவை. முன்னதில் நெசவாளர்களும் அவர்களுடைய சங்கங்களும் பதிவு செய்துகொள்ள இடமுண்டு. பின்னதில் பல ஊர் மண்டிகளின் விலையை வீட்டிலிருந்தே அறியலாம். பதிவு செய்யும் முறை அவ்வத்தளங்களிலேயே விளக்கப்பட்டுள்ளது.

இரண்டாவதாக, எதனைப் படிப்பினும் அதன் தேதியைப் பார்த்தல் அவசியம். பிறருடைய இணைய அங்காடி வழியே பொருள் விற்போர், விற்பனை எவ்வளவு சிறிதாயினும் சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும் என்பது பொதுவான விதியாக இருந்தது. தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு, 2023 அக்டோபர் 1 முதல் சில நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முன் வெளியான காணொளியை மட்டும் நம்புகிறவர், வீண் அச்சத்தால் முயற்சியையே கைவிடக்கூடும்.

மூன்றாவதாக, பிறர் கடைப் பக்கங்களில் வாங்கியோர் எழுதும் குறைகளைப் படியுங்கள். சாயம் படத்தில் கண்டவாறு இல்லை, நீளம் குறைவு, மஞ்சள் தூள் பொட்டலம் கிழிந்து வந்தது என்பன போன்றவை இலவசப் பாடங்கள். விளம்பரத்தில் கூறியபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கலாகாது என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. எனவே புடவையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, நீளம், நூல், சரிகை ஆகியவற்றை உள்ளவாறே எழுத வேண்டும். தரகு, கட்டுக்கூலி, அனுப்பும் செலவு, திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் ஆகிய நான்கையும் கூட்டிய பின்னரே விலை வைக்க வேண்டும்.

பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை என்பதையும் நினைவிற் கொள்க. அதனைக் கேட்பவன் வாங்க வந்தவன் அல்லன். ஏமாந்துவிட்டால், தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

சங்கந்தோறும் படித்த இளைஞர் இருவரை நிர்வாகக் குழுவினர் தேர்ந்தெடுத்து, அவர்கள் கற்றதை மாதம் ஒரு மாலை யாவருக்கும் எடுத்துரைக்கச் செய்யலாம். நூலை ஒன்றாக வாங்கி, துணியை ஒன்றாக விற்கும் நாம், அறிவை மட்டும் தனித்தனியே விலை கொடுத்து வாங்குவானேன்?