தம்பிக்குக் காய்ச்சல்

நம் ஊர்ப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் அம்மாமார் காலையிலேயே கிளம்பிவிடுகின்றனர். பகலில் தம்பிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தால் மருந்து ஊற்றுவது யார்? அப்பத்தா, இல்லையேல் அக்காமாராகிய நாம். ஆகவே இதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

காய்ச்சல் ஒரு நோயன்று. உள்ளே புகுந்த கிருமியோடு உடல் போராடுவதன் அறிகுறி. 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால்தான் மருத்துவர்கள் அதைக் காய்ச்சல் என்கின்றனர். குழந்தை விளையாடிக்கொண்டு பாலும் தண்ணீரும் குடித்தால் மருந்தே வேண்டியிராது. மருந்து உடம்பு வலியையும் சூட்டையும் தணிக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது.

குழந்தைகளுக்கு வழக்கமாகத் தரப்படுவது பாரசிட்டமால். இதன் அளவை வயதைவிட எடையே தீர்மானிக்கிறது: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை. 10 கிலோக் குழந்தைக்கு 150 மில்லிகிராம். நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் உண்டு. சிரப்பிலோ 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம்தான். 150 மில்லிகிராமுக்குச் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி போதும். 250 சிரப்பில் 3 மில்லி வேண்டும். சொட்டு மருந்தைச் சிரப்பு மூடியில் 5 மில்லி ஊற்றினால், பெரியவர்கள் விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை முழுவதும் அந்தச் சிறு வயிற்றுக்குள் போய்விடும்! அளவு மிஞ்சினால் ஈரல் கெடும். முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாது. உலகுக்கெல்லாம் லேபிள் அச்சடிக்கும் ஊர் நம்முடையது. மருந்துச் சீசாவின் பொடி எழுத்தைப் படிக்க நமக்கென்ன தயக்கம்?

சளி மருந்துகள் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். காய்ச்சல் சிரப்போடு அதையும் ஊற்றினால் அளவு இரட்டிப்பாகும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்கள் குடித்தது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்ற கலவை. அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அந்த நஞ்சை எந்த அக்காவாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அவ்வகைச் சளிக் கலவை நான்கு வயதுக்குட்பட்டோருக்கு ஆகாதென 2023லேயே மத்திய அரசு அறிவித்திருந்தது.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. டெங்குக் காய்ச்சலாயின் இரத்தக் கசிவையும் அதிகமாக்கும். கம்பளியால் போர்த்துவதும் பட்டினி போடுவதும் வேண்டாம்.

மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறினாலும், சிறுநீர் குறைந்தாலும், எழுப்பியும் விழிக்காவிட்டாலும் அப்படியே. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்கலாம். வாயில் சாவியோ கரண்டியோ திணிக்கக் கூடாது.

இன்னொன்று. மருந்து கொடுத்த நேரத்தையும் அளவையும் சுவரிலுள்ள தினசரிக் காலண்டர்த் தாளில் எழுதிவிடுவோம். சாயங்காலம் அலுத்து வரும் அம்மா, தெரியாமல் மறுபடியும் ஊற்றிவிடக் கூடும்.