எடையா, வேகமா?

ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் செல்லும். குறுக்குவில்லிலிருந்து பாயும் அம்போ அதே நேரத்தில் சுமார் 100 மீட்டர்தான் செல்லும். 30 மீட்டருக்கு அப்பால் ஒரு மான் மேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாண் விடுபடும் ஓசை 0.09 விநாடியில் அதன் காதை எட்டிவிடும். அம்பு போய்ச் சேர 0.30 விநாடி ஆகும். மிரண்ட மான் பாய்ந்தோடுவதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் பட்டுவிடும்!

இந்தியாவில் மான் வேட்டை சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலோ பல மாநில அரசுகள் இலையுதிர் காலத்தில் வெண்வால் மானை வேட்டையாட உரிமம் தருகின்றன. குறி தவறிய அம்பு மானை உடனே கொல்லாது. காயத்தோடு காட்டில் அலையவிடும். ஆகவே அம்பைத் தேர்ந்தெடுப்பது அங்கே பொறுப்பான வேலை.

அம்பை இலேசாகச் செய்து வேகத்தைக் கூட்டினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 26 கிராம் அம்பு விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 130 ஜூல். அதே ஆற்றலை 36 கிராம் அம்புக்குக் கொடுத்தால் வேகம் 85 மீட்டராகக் குறையும். 30 மீட்டரைக் கடக்க 0.05 விநாடி கூடுதலாகும், அவ்வளவே. ஆனால் நிறையை வேகத்தால் பெருக்கிவரும் உந்தம் 2.6-இலிருந்து 3.06 ஆக உயரும். உந்தம் மிகுந்த அம்பு ஆழமாகப் பாயும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கனமான அம்பு வில்லின் ஆற்றலில் பெரும்பங்கைத் தானே எடுத்துச் செல்லும். வில்லில் எஞ்சி அதை அதிரச் செய்யும் ஆற்றல் குறைவதால் ஓசையும் குறையும். மிக இலேசான அம்பை எய்தால் வில்லே உடைந்துபோகலாம்!

அடுத்தது அம்பின் முனை. மான் வேட்டைத் துப்பாக்கியின் குண்டு பொதுவாக 2000 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலுடன் தாக்கும். அம்பிடம் அந்த வலிமை ஏது? அது நுரையீரலையும் இரத்தக் குழாய்களையும் அறுத்தே கொல்கிறது. எனவே முனையிலுள்ள அலகுகள் சவர அலகுபோல் கூர்மையாக இருக்கவேண்டும். வெட்டும் அகலம் 7/8 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று சில மாநிலங்களில் விதியும் உண்டு.

முனைகள் இரு வகை. அலகுகள் நிலையாகப் பொருத்தப்பட்ட முனையில் அசையும் பாகம் இல்லை, உறுதி அதிகம். ஆனால் பறக்கும்போது அந்த அலகுகள் சிறு இறக்கைகள்போல் செயல்படும். முனை சிறிது கோணலாக இருந்தாலும் அம்பு திசைமாறும். மற்ற வகையில் அலகுகள் மடிந்திருந்து, பட்டவுடன் விரியும். அது நேராகப் பறக்கும். ஆனால் விரிவதற்கே கொஞ்சம் ஆற்றல் செலவாகிவிடும். வலிமை குறைந்த வில்லுக்கு நிலையான அலகே ஏற்றது.

எந்த அம்பானாலும் ஒலியை முந்தாது. அப்படியானால் மான் தாழ்வதற்கு முன் அம்பு சேர வழி என்ன? தொலைவைக் குறைப்பதுதான். 20 மீட்டரில் ஒலிக்கும் அம்புக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று நீங்களே கணக்கிடுங்கள். 0.14 விநாடி வருகிறதா?